திருப்பிப் போட்ட தாள்

கண்ணாடிக்கடை அக்கா வாசித்தால் கரண்ட் பில்கூடக் கதையாகிவிடும். இதைச் சொன்னது நான் இல்லை, அவருடைய மகள். ஒருநாள் சாப்பிடும் நேரத்தில் அம்மா பில்லை எடுத்து உரக்க வாசித்தாராம். அப்பாவும் மகளும் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார்களாம். ‘உரிய தேதிக்குள் செலுத்தத் தவறினால் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்ற இடத்தில் அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டதாம். மகள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். ஆனால் அந்தக் குரலைக் கேட்டவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

எங்கள் எழுத்தாளர் குழுவுக்கு அந்தக் குரல்தான் சொத்து. அக்காவுக்கு அதுவே வினையாக வந்து சேர்ந்தது.

கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் கண்ணாடிக்கடை. முன்பக்கம் முழுக்க ஃபிரேம்கள், நிலைக்கண்ணாடிகள், பளீரென்று விளக்குகள். பின்னால் திரை போட்ட ஒரு இருட்டறை. அங்கேதான் அக்காவுக்கு வேலை. வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின்மேல் ஒரு கனமான சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்துகளை வாசிக்கச் சொல்வார். “இதுல நல்லாத் தெரியுதா, இல்ல இதுலயா?” காலையிலிருந்து சாயங்காலம்வரை இதே கேள்விதான். யாரையும் அவசரப்படுத்த மாட்டார். உட்கார்ந்திருப்பவர் பார்த்து, யோசித்து, குழம்பி, மறுபடி பார்க்கும்வரை காத்திருப்பார். அவர் வாசிப்பிலும் அந்தப் பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு. ஒரு வரியை வாசித்துவிட்டு, அது நம் கண்ணுக்குத் தெரியும்வரை நிற்பார். பிறகுதான் அடுத்த வரிக்குப் போவார்.

அவர் கல்யாணமே அந்தக் குரலால் நடந்ததுதான். அப்போது அவர் வேறொரு கடையில் வேலை பார்த்தார், நாலாவது மாடியில். ஒருநாள் ஒரு தட்டு நிறைய ஃபிரேம்களோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டார். சரிசெய்ய வந்த மெக்கானிக் வெளியே நின்று, “பயப்படாதீங்க, ஏதாவது பேசிட்டே இருங்க” என்றிருக்கிறார். இவரும் பேசினார். அப்பாவுக்கு இரண்டு கண்ணாடி இருந்தும் எப்போதும் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது, தங்கச்சி பரீட்சைக்குப் போகும்போது பேனாவை மறந்துவிட்டு ஊதுகுழலை எடுத்துக்கொண்டு போனது, எல்லாம் பேசினார். கடைசியில் கதவு திறந்தது. மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டே, “ரிப்பேர் முடிஞ்சு ரொம்ப நேரம் ஆச்சுங்க. நீங்க பேசிட்டு இருந்தீங்க. அதான் திறக்கலை” என்றாராம். அக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நானாக இருந்தால் அந்தத் தட்டை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். அக்கா சிரித்துவிட்டார். அந்த மனிதர்தான் இன்றைக்கு அவர் வீட்டுக்காரர். தங்கமான ஆள். ஆனால் அக்கா தான் எழுதியதை வீட்டில் வாசித்துக்காட்டி, “எப்படி இருக்கு?” என்று கேட்டால் அவருக்கு ஒரே பதில்தான் வரும்: “நீ படிச்சா எல்லாமே நல்லாத்தான் இருக்கு.” அக்காவுக்கு அது போதவில்லை.

நான் யார் என்று சொல்லவில்லையே. கண்ணாடிக்கடைக்கு எதிர் வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், பிரிண்ட், லேமினேஷன் எல்லாம் உண்டு. குழுவில் எனக்குப் பெயரே ஜெராக்ஸ்தான். கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்று சிலர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்களே, அந்த ரகமும் நான் இல்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, டிரைவிங் ஸ்கூல் மாடியில் கூடுவோம். டிரைவிங் மாஸ்டரும் எழுத்தாளர் என்பதால் இடத்துக்கு வாடகை இல்லை. சுவர் முழுக்க ‘ஒலி எழுப்பாதே’, ‘முந்தாதே’ என்று சாலைக் குறிகள். மூலையில் ஒரு இரும்புக் கம்பத்தில் பொருத்திய ஸ்டீயரிங். விவாதம் சூடானால் எங்கள் பல் டாக்டர் எழுந்துபோய் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நாங்கள் எல்லோரும் அவர் ஓட்டும் பஸ்ஸில் உட்கார்ந்து சண்டை போடுவதுபோல இருக்கும். டாக்டர் கவிதை எழுதுவார். மாஸ்டர் கொலைக்கதை எழுதுவார், கொலையாளி எப்போதும் இண்டிகேட்டர் போடாமல் திரும்பி மாட்டிக்கொள்வான். ஓய்வுபெற்ற கணக்கு சார் காதல் கதை எழுதுவார், அதில் கதாநாயகி எத்தனை தடவை பெருமூச்சு விட்டாள் என்பதற்குக்கூடக் கணக்கு இருக்கும். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள்.

ஆரம்பத்தில் அவரவர் எழுதியதை அவரவரே வாசித்தோம். அது உருப்படவில்லை. யாருக்கும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. டாக்டர் கவிதையைக் குறை சொல்லிவிட்டு, மறுநாள் அவரிடமே போய் வாயைத் திறந்துகொண்டு படுக்க முடியுமா? அதனால் கணக்கு சார் ஒரு முறை கொண்டுவந்தார். எழுதியதை எல்லோரும் என் கடையில் கொடுக்க வேண்டும். நான் டைப் செய்து, பெயர் போடாமல், மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவருவேன். டின் சுற்றி வரும். கைக்கு வந்த தாளை எடுத்து வாசிக்க வேண்டும். பிறகு எல்லோரும் பேசலாம், எழுதியவர் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது. எது யாருடையது என்று தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறந்தால் குழுவிலிருந்து நீக்கம்.

சரி, தன்னுடையதே தன் கைக்கு வந்துவிட்டால்? அதற்கும் சார் வழி வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்த தாளை ஒரு தடவை திருப்பிப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. திருப்பிப் போட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எடுத்து வாசிக்க வேண்டும்.

முறை என்னவோ நல்ல முறைதான். நாங்கள்தான் அதில் மண்ணைப் போட்டோம்.

அக்கா கைக்குப் போன கதை பிழைத்துக்கொள்ளும். மாஸ்டரின் கொலைக்கதையை அவர் வாசித்தபோது, செத்துப்போனவனுக்காக நானே மூக்கைச் சிந்தினேன். என்னது வேறு யார் கைக்காவது போய்விடக் கூடாதே என்று டின் சுற்றும்போது ஆளாளுக்கு வேண்டிக்கொள்வோம். அதிர்ஷ்டம் எல்லோருக்கும் எப்போதாவது அடித்தது, ஒருவருக்கு மட்டும் அடிக்கவே இல்லை. அக்கா எழுதியது அக்கா கைக்கு வந்தால் அவர் திருப்பித்தானே போட வேண்டும்? அவர் எழுதியதை எப்போதும் எங்களில் ஒருவர்தான் வாசித்தார். கணக்கு சார் வாசித்தால் வினாத்தாள் சொல்லி எழுதவைப்பதுபோல இருக்கும். டாக்டர் முணுமுணுப்பார், மயக்க ஊசி போட்டதுபோல நாக்கு மரத்துவிடும். நான் வாசித்தால் சண்டைக்கு இழுப்பதுபோல இருக்கிறதாம். இருக்கட்டும்.

இதைவிட மோசம் இன்னொன்று. அக்கா அவ்வப்போது ஒரு தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிப் போடுவார் இல்லையா, அதை எங்கள் ஆட்கள் வேறுவிதமாக எடுத்துக்கொண்டார்கள். “அக்காவே வேணாம்னு வெச்சுட்டாங்கன்னா அதுல சரக்கு இல்லைன்னு அர்த்தம்” என்று மாஸ்டர் ஒருநாள் கிசுகிசுத்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அக்கா திருப்பிப் போட்ட தாள் என்றாலே எல்லோர் முகமும் தொங்கிவிடும். அவருக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காருகிற மாஸ்டர் அதை எடுத்து, “கிளட்சை அமுக்கு, கியரைப் போடு” என்கிற தொனியில் வாசித்து முடிப்பார். “ம்... பரவாயில்ல” என்பார் சார். “முயற்சி நல்லாருக்கு” என்பார் டாக்டர். அடுத்த தாள். எழுதியவர் யார் என்று தெரிந்தவள் நான் ஒருத்தி. பல்லைக் கடித்துக்கொண்டு பிஸ்கட் டின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருப்பேன்.

அக்கா மட்டும் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ள மாட்டார்.

இப்படி இருக்கும்போது நூலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆண்டு விழாவில் எங்கள் குழுவுக்கு மேடை! ஒரே ஒரு படைப்பு, கூட்டத்தின் முன் வாசிக்கலாம், எழுதியவர் பெயரையும் அறிவிப்பார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மாஸ்டர் அன்றே தலைக்குச் சாயம் பூசிக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றையும் வாசித்து, கைதூக்கி ஓட்டுப் போட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவானது.

அந்த வாரம் அக்கா என் கடைக்கு வந்தார். கையெழுத்தில் இருந்த கதையை மேஜையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“இதோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன்.”

“எதைக்கா?”

“எழுதுறதைத்தான். படிச்சுக் காட்டுறது மட்டும் போதும். எனக்கு அதுதான் வரும்போல.”

“யாருக்கா அப்படிச் சொன்னது? பேரைச் சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்.”

“யாரும் ஒண்ணும் சொல்லலை. அதான் விஷயமே. இத்தனை நாள் எழுதுறேன், யாராவது திட்டியாவது இருக்காங்களா? கிணத்துல கல்லைப் போட்ட மாதிரி இருக்கு. இந்தக் கதையை ரொம்ப நாளா மனசுல வெச்சிருந்து எழுதினேன். இதுவும் போகலைன்னா விட்டுடுறேன்.”

“எனக்கு நீங்க எழுதுறது ரொம்பப் பிடிக்கும்கா. சத்தியமா!”

“நீ என் பக்கத்து ஆளு. உன்னைக் கணக்குல சேத்துக்க முடியுமா?” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை அந்தக் கதையை டைப் செய்ய உட்கார்ந்தேன். இரண்டாவது பக்கத்தில் என்னை அறியாமல் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டேன். தன் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்த ஒரு மனிதர், “என் மார்க்கைப் பாத்தா சிரிப்பா வருதா?” என்று சண்டைக்கு வந்துவிட்டார். மூன்றாவது பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அப்போது அவரே பயந்துபோய், “அவ்வளவு மோசமாவா இருக்கு?” என்றார். கடையை மூடும்போது எனக்கு ஒரே பரபரப்பு. இந்தக் கதை மாஸ்டர் கையில் சிக்கிச் சாகப் போகிறதே என்று நினைத்தால் ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஒருவர்கூட விடுபடாமல் எல்லோரும் வந்துவிட்டார்கள். வழக்கம்போல டின் முதலில் அக்காவிடம் போனது. அவர் கையைவிட்டு எடுத்ததுமே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று தாளைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தது அது ஒன்றுதான். அவர் கதையே அவர் கைக்கு வந்துவிட்டது!

அக்கா பிரித்தார். முதல் வரியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. அந்த மாற்றத்தை எல்லோரும் பார்த்தார்கள், எல்லோருக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். மாஸ்டர் ஒரு பெருமூச்சோடு கையை நீட்டினார். கணக்கு சார் தாராள மனசோடு, “திருப்பிப் போட்டுடுங்க, பரவாயில்ல. எல்லாமே நல்லா இருக்கணும்னு இல்லையே” என்றார்.

அக்காவின் கை டின்னுக்கு மேலே போனது. கத்திவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நீட்டிய மாஸ்டர் கையை அக்கா ஒரு கணம் பார்த்தார். பிறகு தாளைத் தன் மடிக்கே கொண்டுவந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“வேணாம். நானே படிக்கிறேன்.”

வாசித்தார்.

கதை நடப்பது ஒரு கண்ணாடிக்கடையில். வயதான ஒரு கணவனும் மனைவியும் வருகிறார்கள். அவருக்குப் பார்வை மங்கிவிட்டது, ஒத்துக்கொள்ள மாட்டார். “என் கண்ணுக்கென்ன, கழுகு மாதிரி இருக்கு” என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார். அவர் மானம் போய்விடக் கூடாதே என்று பின்னால் நிற்கும் மனைவி சுவரில் இருக்கும் எழுத்துகளைக் கிசுகிசுக்கிறாள். “ப... ட... ம...” அவர் அதைக் கம்பீரமாக உரக்கச் சொல்கிறார். கடைக்காரி ஒன்றும் தெரியாதவள்போல இன்னும் சின்ன எழுத்துக்குப் போகிறாள். மனைவி தடுமாறுகிறாள், ஏனென்றால் அவளுக்கும் அது தெரியவில்லை! வாய்க்கு வந்ததை அடித்துவிடுகிறாள். அதையும் அவர் கழுகுபோலவே சொல்கிறார். எல்லாம் தப்பு. “நீ ஏன்டி தப்பாச் சொன்னே?” “நானா? நீங்கதானே பாத்துப் படிச்சீங்க!” என்று இருட்டறையில் இரண்டு பேருக்கும் சண்டை.

அறையே குலுங்கிச் சிரித்தது. டாக்டர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். மாஸ்டருக்குப் புரையேறி, சார் அவர் முதுகில் தட்டினார்.

பிறகு கண்ணாடி தயாராகி வருகிறது. அவர் போட்டுக்கொண்டு, “பாத்தியா, முன்னாடியும் இப்படித்தான் தெரிஞ்சுது” என்று சொல்ல மனைவி பக்கம் திரும்புகிறார். திரும்பியவர் அப்படியே நின்றுவிடுகிறார். ரொம்ப நேரம் பார்க்கிறார். “உனக்கு எப்ப நரைச்சுது?” என்று கேட்கிறார். “நீங்க பாக்காதப்ப” என்கிறாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து அவள் கடைக்காரியிடம் மெதுவாகச் சொல்கிறாள்: “எனக்கும் ஒண்ணு சோதிச்சுப் போடுங்கம்மா. இவரு எப்படி இருக்காருன்னு நானும் பாக்கணும்.”

முடிந்தது. டாக்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கணக்கு சார் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். மாஸ்டர்தான் முதலில் பேசினார். “அடேயப்பா! யாருய்யா எழுதினது இது?”

மற்ற தாள்களையும் வாசித்தோம். பாவம், என் கதையும் அதில்தான் இருந்தது, யார் காதிலும் ஏறவில்லை. ஓட்டெடுப்பில் எல்லாக் கையும் அந்தக் கண்ணாடிக் கதைக்கே உயர்ந்தது, அக்கா கையைத் தவிர. நூலகத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்பதால் இந்தத் தடவை மட்டும் நான் வாயைத் திறக்கலாம் என்று ஏற்கெனவே முடிவு.

“சொல்லும்மா ஜெராக்ஸ். யாரு?” என்றார் சார்.

“படிச்சவங்கதான் எழுதினவங்க!” என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. டாக்டருக்குத்தான் முதலில் பொறி தட்டியது. “அப்ப... இதுக்கு முன்னாடி அக்கா திருப்பிப் போட்டதெல்லாம்?”

“அவங்களோடதுதான்! எல்லாமே அவங்களோடதுதான்! சரக்கு இல்லைன்னு நீங்க மூஞ்சியைத் தொங்கப்போட்டீங்களே, அத்தனையும்! ஒருத்தருக்காவது தோணுச்சா? தன்னோடது வந்தா திருப்பிப் போடணும்னுதானே அந்த வழியையே வெச்சோம்? விதியை எழுதினவங்களே அதை மறந்துட்டு உக்காந்திருக்கீங்க!”

எனக்கு மூச்சு வாங்கியது. மாஸ்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, அந்த லிஃப்டு கதை உங்களோடதா? அந்த மழைக்கதை? அய்யய்யோ, எல்லாத்தையும் நான்தானே படிச்சுக் கொன்னேன்!”

“பரவாயில்ல விடுங்க தம்பி.”

“பரவாயில்லைன்னு சொல்லாதீங்கக்கா. இன்னும் கூச்சமா இருக்கு.”

கணக்கு சார் தொண்டையைச் செருமினார். “விதிப்படி பாத்தா, தன் கதையைத் தானே படிச்சது தப்பு. அதை விட்டுடலாம். ஆனா மனசுல பட்டதைக் கேக்கறேன், யாரும் கோவிச்சுக்கக் கூடாது.” என்னைப் பார்த்துத்தான் இதைச் சொன்னார். “நாம கை தூக்கினது கதைக்கா, குரலுக்கா?”

நான் எழுந்தே விட்டேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“சார் கேட்டது சரிதான். எனக்கும் அதேதான் உறுத்துது. என் வீட்டுக்காரர் கரண்ட் பில்லுக்கே அழுவாரு. நீங்க இப்ப சிரிச்சதும் அழுததும் எதுக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?” பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார். “மேடையில நீங்க படிங்க தம்பி.”

“நானா!” மாஸ்டர் துள்ளி எழுந்தார். “அக்கா, என் வாயில விழுந்தா உங்க கதை ஷெட்டுக்குப் போயிடும். டாக்டர் படிக்கட்டும். சார் படிக்கட்டும். இந்தச் சுவரு படிக்கட்டும், நான் வேணாம்!”

“நீங்கதான் படிக்கணும். நீங்க படிச்சும் ஜனங்க கேட்டாங்கன்னா அது என் எழுத்து. நான் பாட்டுக்கு எழுதிட்டே இருப்பேன். கேக்கலைன்னா இத்தோட மூடி வெச்சுடுறேன்.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். மசியவில்லை. “நாம எல்லாரும் கேட்டமே, அது போதாதா?” என்றேன். “நீங்க என் குரலுக்குப் பழகின காது” என்று முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு விழாவரை நான் சரியாகத் தூங்கவில்லை. ஒரு மனுஷி இனி எழுதுவதும் எழுதாததும் போயும் போயும் நம் மாஸ்டர் நாக்கில் வந்து நிற்கிறதே! அந்த ஆளும் பாவம், உயிரைக் கொடுத்துப் பயிற்சி எடுத்தார். அக்காவிடம் போய், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். “சொல்லிக் கொடுத்தா அப்புறம் அது நான் படிச்ச மாதிரி ஆயிடும்” என்று அக்கா மறுத்துவிட்டார். அதனால் மாஸ்டர், கார் ஓட்டப் பழகவந்தவர்களை ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வாசித்துப் பழகினார். அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டிய ஒரு பெண் திரும்ப வேண்டிய தெருவை விட்டுவிட்டு ஊர் எல்லைவரை போய்விட்டாளாம். அதை மாஸ்டர் ஒரு புகாராகத்தான் என்னிடம் சொன்னார். எனக்கோ அதைக் கேட்டு உள்ளுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை வந்தது.

விழா அன்று நூலகத்தின் பெரிய ஹாலில் உட்கார இடம் இல்லை. பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிற நிகழ்ச்சியும் இருந்ததால் பெற்றோர் கூட்டம். எங்கள் ஆட்கள் முன்வரிசையில், அக்காவின் வீட்டுக்காரரும் மகளும் அவர்களோடு. அக்கா மட்டும் முன்னால் வர மாட்டேன் என்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். நானும் கூடவே போனேன். அவருக்கு அந்தப் பக்கம் முன்பின் தெரியாத ஒரு அம்மாள், மடியில் காய்கறிப் பை, பேரனுக்குப் பரிசு எப்போது கொடுப்பார்கள் என்று எல்லோரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் மேடை ஏறினார். மைக் கீச்சென்றது. பயந்துபோய் ஒரு அடி பின்னால் போனவர், தாளைப் பிரித்து, கார் ஸ்டார்ட் ஆகாதபோது முனகுவதுபோல ஆரம்பித்தார். முதல் பத்தி முடிவதற்குள் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நாற்காலிகள் இழுபடும் சத்தம். யாரோ போனில் பேசினார்கள். காய்கறிப் பை அம்மாள் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்தார். எனக்கு மாஸ்டர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

மனைவி கிசுகிசுக்கிற இடம் வந்தது. மாஸ்டர் கிசுகிசுக்கவில்லை, வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்வதுபோல “ப! ட! ம!” என்று உத்தரவு போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நடுவில் எங்கோ ஒரு ஆண் குரல் ‘ஹா’ என்று சிரித்தது. பிறகு வலப்பக்கம் இரண்டு பேர். மனைவிக்கும் எழுத்து தெரியவில்லை என்று தெரிந்த இடத்தில் ஹாலின் பாதி சிரித்தது. போனில் பேசியவர் “அப்புறம் பேசறேன்” என்று வைத்தார். முன்வரிசையில் கணக்கு சார் திரும்பித் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார், வாய் காதுவரை போயிருந்தது.

இருட்டறைச் சண்டை ஆரம்பித்த நேரம் பார்த்து மாஸ்டர் பதற்றத்தில் ஒரு தாளைத் தள்ளிவிட்டுக் கடைசித் தாளுக்குப் போய்விட்டார். ஐயோ என்று நான் எழுவதற்குள், யாரோ கூட்டத்திலிருந்து சத்தம் போட்டார்: “சார், நடுவுல விட்டுட்டீங்க! அந்தச் சண்டை என்ன ஆச்சு?”

“ஆமா, சண்டையைப் படிங்க!” என்று இன்னும் நாலு குரல்.

“மன்னிக்கணும், மன்னிக்கணும்” என்று மாஸ்டர் தாளைத் திருப்பினார். கூட்டம் காத்திருந்தது. ஒரு நாற்காலிகூட நகரவில்லை. சண்டையை வாசித்தார், தப்பும் தவறுமாகத்தான் வாசித்தார், ஒரு வரியை இரண்டு தடவை வாசித்தார். ஹாலே சிரித்து ஓய்ந்தது. பிறகு கண்ணாடி தயாராகி வந்த இடத்துக்கு வந்தார்.

அக்கா என் கையை விட்டுவிட்டார். இத்தனை நாள் தான் எழுதியது என்று ஒருவரிடமும் காட்டிக்கொள்ளாத மனுஷி, அந்தப் பக்கம் திரும்பி, யாரென்றே தெரியாத அந்தக் காய்கறிப் பை அம்மாளிடம், அடக்க முடியாமல் சொன்னார்:

“இது நான் எழுதினதுங்க.”

அந்த அம்மாள் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கையில் பாதி ஒடித்த வெண்டைக்காய் அப்படியே நின்றது.

“ஷ்ஷ்! கொஞ்சம் சும்மா இரும்மா. அந்த ஆளு கண்ணாடி போடப் போறாரு.”